எத்தீமுக்காகப் பேசுவோர்க்கு

பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலின் கோயிற் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் மாணவர்க்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் வழங்கப்பெற்றதைப் பதிந்துள்ளது. பிறர் பிள்ளையைப் பேணும் அப்பொறுப்பை இன்று வரையறுப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆதரவற்ற பிள்ளைக்காகப் பரிந்து பேசுவோர்க்கு அதுவே முதற் கருவி. அதன் 44ஆம் பிரிவின்படி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு பிள்ளையை வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கலாம். இது தத்தெடுப்பன்று; வமிசம் மாறுவதில்லை. ஆதலால், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்கப் பணிக்கும் திருமறை வசனத்திற்கும் (33:5) இசைவானது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் 20ஆம் விதியில் கஃபாலாவைப் பெயர் சுட்டி ஏற்கிறது. எனவே எத்தீம் பிள்ளையின் நிலையறிந்த ஜமாஅத்தார் 1098 என்னும் எண் வழியாக அக்குழுவை அணுகுதல் வேண்டும். 18 வயதில் காப்பகம் நீங்குவோர்க்கு 46ஆம் பிரிவு நிதியுதவிக்கு வழி செய்கிறது. அதையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்பாரற்ற உரிமை ஏட்டிலேயே உறங்கிவிடும்.