பழைய தமிழ்க் கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றுதல்

பழைய தமிழ்க் கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றுதல் என்பது, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகளைப் புதிய கணினியில் படிக்கவும் தேடவும் இயலும் வகையில் கொண்டு சேர்ப்பதாகும். கோப்பைப் படியெடுப்பது எளிது. ஆனால் அதற்குரிய எழுத்துரு பழைய கணினியிலேயே தங்கிவிட்டால், பிழையின்றிப் படியெடுக்கப்பட்ட கோப்பும் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

பின்னணி

1990களின் இறுதியில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர் வீடுகளுக்கும் டி.டி.பி. மையங்களுக்கும் வந்த கணினிகள் பல விண்டோஸ் 95 அல்லது 98 இயங்குதளத்தில் இயங்கின. அவற்றில் தமிழ் ஒருங்குறிக்கான வசதி இல்லை. விண்டோஸ் 2000 இயங்குதளமே 'லதா' எழுத்துருவுடன் அவ்வசதியைத் தந்தது. எனவே குடும்பக் கடிதங்கள், சங்கக் கணக்குகள், கதைகள், திருமண அழைப்பிதழ்கள் எல்லாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்டன.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியேற்றங்களை ஏற்றது. இணையத்தில் இயங்கிய தமிழர்களிடையே 'திஸ்கி' வழங்கியது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் 'டேஸ் 16' குறியேற்றத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அதற்கு முன் எழுதப்பட்ட கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளை மாற்ற வேண்டிய தேவை இதனால் பலருக்கு ஏற்பட்டது. இருபது ஆண்டுகளாக ஒரு வன்தட்டிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துவந்த கோப்புகள் மீண்டும் ஒருமுறை இடம் மாறுகின்றன.

எழுத்துகள் சிதைவதேன்?

பழைய எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினியில் 'தமிழ்' என்னும் சொல், ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சேமிக்கப்படுகிறது. கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அன்று. பாமினி இல்லாத கணினி அந்த ஐந்து குறிகளையே காட்டும்.

வரிசையும் வேறுபடும். பழைய முறையில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக இருக்கும். ஒருங்குறியில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக இரண்டே குறியீடுகள். ஆகவே மாற்றி மென்பொருள் எழுத்துக்கு எழுத்து பதிலிடுவதோடு நில்லாமல் வரிசையையும் திருத்த வேண்டும்.

இத்தகைய இடமாற்றத்தைப் பெரிய அளவில் செய்துகாட்டியது மதுரைத் திட்டமாகும். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய இத்தன்னார்வ முயற்சி, தமிழ் இலக்கியங்களை முதலில் மயிலை, இணைமதி எழுத்துருக்களிலும், அடுத்துத் திஸ்கியிலும், பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. நூல்களை மீண்டும் தட்டச்சு செய்யாமலே அவை மூன்று தலைமுறைகளைக் கடந்தன.

மாற்றும் முறை

பழைய கணினியை விற்கும் முன்பே அதன் எழுத்துரு அடைவு முழுவதையும் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். கணினி இயங்காத நிலையிலும் வன்தட்டு நன்றாக இருக்கக்கூடும். பழைய ஐ.டி.இ. வன்தட்டை யு.எஸ்.பி. வழியே இணைக்கும் கருவி சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கிடைக்கும்.

வேர்டு கோப்பில் எழுத்துருவின் பெயர் பதிவாகியிருக்கும். அதைக்கொண்டு குறியேற்றத்தை அறியலாம். வெற்று உரைக்கோப்பில் அக்குறிப்பு இராது. ஆகையால் இவற்றையே முதலில் கவனிக்க வேண்டும். பழைய எழுத்துருவைப் புதிய கணினியில் நிறுவினால் வேர்டு கோப்புகளை உடனே படிக்கலாம். எனினும் தமிழ்ச் சொல்லைக் கொண்டு தேட இயலாது. கைப்பேசியிலும் அவை விளங்கா. நிலையான தீர்வு ஒருங்குறிக்கு மாற்றுவதே. 2000களில் வெளியான என்.எச்.எம். மாற்றி, சுரதாவின் 'பொங்கு தமிழ்' ஆகியன இதற்குப் பெரிதும் பயன்பட்டன.

மாற்றிய பின் கோப்பின் அளவு பெருகுவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பாமினியில் 5 பைட்டுகள் கொண்ட 'தமிழ்', யு.டி.எஃப்-8 முறையில் 15 பைட்டுகள் ஆகும்.

மாற்றியபின் சரிபார்க்க வேண்டியவை

பாமினி உரையின் நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் மாறிவிடும். சிறிய எழுத்துகளில் எழுதிய 'ஓகே', 'ழம' என்றாகும். முகவரிகள், மின்னஞ்சல்கள், ஆங்கிலப் பெயர்கள் உள்ள பக்கங்களை ஒருமுறை கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. திஸ்கி, ஆங்கில எழுத்துகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிடுவதால் இத்தொல்லை அதில் இல்லை.

ஔகாரக் குறியின் பிற்பகுதி ளகரம் போன்றே இருப்பது மற்றொரு சிக்கல். 'கௌரவம்' என்னும் சொல் சில மாற்றிகளில் கொம்பு, ளகரம் எனப் பிரிந்து 'கெளரவம்' ஆகிவிடுகிறது. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தேடுபொறிக்கோ வெவ்வேறு சொற்கள். இத்தகைய ஐயங்களைத் தீர்க்க மூலக்கோப்பு தேவைப்படும். எனவே மாற்றிய கோப்புடன் மூலத்தையும் அதன் எழுத்துருவையும் ஒரே அடைவில் வைத்திருத்தல் நன்று.