தரம் 10-ல் இருந்து பத்தாம் வகுப்புக்கு: மண்டபம் முகாமில் முதல் நாட்கள்

வெளிநாட்டுப் படிப்புன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது விசா, ஏர்போர்ட், ஊறுகாய் பாட்டில். ஆனா இந்தியாவே 'வெளிநாடு' ஆகிற மாணவர்களும் இருக்காங்க. அவங்கள்ல சிலர் வந்து இறங்குறது ஏர்போர்ட்டில் இல்லை, நம்ம ராமேஸ்வரம் கடற்கரையில். இந்த எபிசோடில் அவங்களோட முதல் நாட்களைப் பற்றிப் பேசலாம்.

முதல்ல ஒரு அடிப்படை. இலங்கையில் இருந்து ஒரு மாணவர் இங்கே படிக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஸ்டூடன்ட் விசா. 180 நாளைக்கு மேற்பட்ட விசா என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யணும். படிப்பு முடிஞ்சதும் ஊர் திரும்பலாம். இன்னொண்ணு, படகு. தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர்தான். இந்த வழியில் வர்றவங்க யாரும் படிக்கணும்னு கிளம்பி வர்றதில்லை. உயிர் பிழைக்க வர்ற குடும்பத்தோட பிள்ளைகளும் வர்றாங்க. அவங்களுக்குப் படிப்பு பாதியில் நிற்குது.

2022 மார்ச்சை எடுத்துக்கோங்க. பொருளாதார நெருக்கடியில் வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லாமல், இலங்கையின் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளையே தள்ளி வச்சாங்க. அதே வாரம், மார்ச் 22-ஆம் தேதி, குழந்தைகளோட 16 பேர் ராமேஸ்வரம் பக்கம் வந்து சேர்ந்தாங்க. அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிப் போயிடும். அதுக்கப்புறம் மரைன் போலீஸ், விசாரணை, மண்டபம் முகாம்.

அந்த முகாமே ஒரு வரலாறு. பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்ம தொழிலாளர்களைத் தொற்றுநோய் இருக்கான்னு பார்த்து அனுப்பிய இடம் அது. 1983-க்கு அப்புறம் எதிர்த் திசையில் வந்தவங்களுக்கு அதே இடம் அடைக்கலம் ஆச்சு.

எனக்கு இந்த விஷயம் தெரிஞ்சது காலேஜில் என் பக்கத்து பெஞ்ச் நண்பன் மூலமா. 2006-ல் போர் மறுபடி சூடுபிடிச்சப்போ மன்னாரில் இருந்து வந்த குடும்பம். அவன் அப்போ தரம் 4, அவனோட அக்கா தரம் 10. அங்கே 'வகுப்பு' கிடையாது, 'தரம்'தான்.

அக்காவுக்கு ஸ்கூலில் முதல் அதிர்ச்சி, தமிழ். "தமிழ் மீடியத்தில் இருந்து தமிழ் மீடியத்துக்குத்தானே வந்திருக்கா, என்ன கஷ்டம்?"னு எல்லாரும் கேட்டாங்களாம். கஷ்டம் இதுதான்: அங்கே இரசாயனவியல், இங்கே வேதியியல். அங்கே பௌதிகவியல், இங்கே இயற்பியல். அமுக்கம் இங்கே அழுத்தம். ஒட்சிசன் இங்கே ஆக்ஸிஜன், ஐதரசன் இங்கே ஹைட்ரஜன். உயிரியலில் 'கலம்'னு படிச்சது இங்கே 'செல்'. கேத்திர கணிதம் வடிவியல் ஆயிடுது. விடை தெரியும், கேள்விதான் புரியாது. முதல் டெஸ்ட்டில் 'கலம்'னு எழுதினதுக்கு டீச்சர் சிவப்பு மையில் சுழிச்சிட்டாங்க. தப்பான விடை இல்லை அது, வேற ஊர் விடை.

அப்புறம் அக்கா நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் அங்கத்தைய சொல், அந்தப் பக்கம் இங்கத்தைய சொல்னு எழுத ஆரம்பிச்சாங்க. மூணு மாசத்தில் பிரச்சினை தீர்ந்தது. என் நண்பன் ரெண்டு வருஷம் கழிச்சு அதே நோட்டை வச்சுத்தான் படிச்சான்.

இப்போ சட்டமும் கொஞ்சம் துணைக்கு இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை 'ஒவ்வொரு குழந்தைக்கும்'னு சொல்லுது, 'ஒவ்வொரு குடிமகனுக்கும்'னு சொல்லலை. வயதுச் சான்று இல்லைன்னு சேர்க்கையை மறுக்க முடியாது, வயசுக்கு ஏத்த வகுப்பில் சேர்க்கணும். படகில் டிசி எடுத்துட்டு வர முடியாத பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

காலேஜ் கதவு இவ்வளவு சுலபமா திறக்கலை. 1991 ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் முகாம் மாணவர்களுக்கு உயர்கல்விச் சேர்க்கை அடைபட்டது. 1996-ல்தான் மறுபடி கிடைச்சது. நடுவில் பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு அந்த வருஷங்கள் போனது போனதுதான். 2021-ல் தமிழக அரசு 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு நலத்திட்டங்கள் அறிவிச்சு, கல்வி உதவித்தொகையையும் கூட்டுச்சு. அகதிகள் முகாம் என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு மாறுச்சு.

ஆனா முதல் நாளில் நடக்கிற ஒரு விஷயம் மட்டும் தீரவே இல்லை. அதுதான் பதிவேட்டில் எழுதுற அந்த ஒரு வரி: பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடலை, அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் இல்லை. குடியுரிமைச் சட்டத்தின் கணக்கில், செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்துக்கு மட்டும்தான். 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவில் பிறந்தவங்க பிறப்பாலேயே குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, அதை வச்சுத்தான் 2022-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. என் நண்பனுக்கு அந்த வழியும் கிடையாது.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லைங்கிறதுக்காக இனி தண்டனை இல்லை. நல்ல செய்திதான். ஆனா அது குடியுரிமை இல்லை. 2022-ல் வந்த பிள்ளைகளுக்கு அதுவும் பொருந்தாது.

இது நடைமுறையில் எப்படி வந்து நிக்குதுன்னு ஃபைனல் இயரில் பார்த்தேன். கேம்பஸ் இன்டர்வியூவில் மூணு ரவுண்டும் கிளியர் பண்ணினான், எனக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். கடைசியில் ஆன்லைன் படிவத்தில் 'குடியுரிமை' என்ற கட்டாயக் கட்டம். இந்தியர், வெளிநாட்டவர்னு ரெண்டே ஆப்ஷன். இந்தியர்னு போட்டா பொய், வெளிநாட்டவர்னு போட்டா அடுத்த பக்கம் பாஸ்போர்ட் நம்பர் கேட்கும். "மச்சான், இதுல என்னடா போடுறது?"ன்னு என்னைக் கேட்டான். என்கிட்ட பதில் இல்லை. அந்த வேலை அவனுக்குக் கிடைக்கலை. இப்போ சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கான், நல்லாவே இருக்கான். ஆனா ஆன்சைட் வாய்ப்பு வந்தா, அது பக்கத்து சீட்டுக்குத்தான் போகும்.

இதைக் கேட்கிறவங்கள்ல டீச்சர்ஸ் இருந்தா, முகாம் பிள்ளை 'ஒட்சிசன்'னு எழுதினா மார்க்கைக் குறைக்காதீங்க, பக்கத்தில் 'ஆக்ஸிஜன்'னு எழுதிக் கொடுங்க. என்னை மாதிரி படிவம் டிசைன் பண்றவங்க இருந்தா, அந்தக் கட்டத்தில் 'மற்றவை'ன்னு ஒண்ணு சேர்த்து, அடையாள அட்டை எண் எழுத இடம் விடுங்க. சட்டத்தை நம்மால் உடனே மாத்த முடியாது, இதை இன்னைக்கே மாத்தலாம்.