ஆறாத வலி: ஆராய்ச்சி சொல்வது என்ன?



மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் இடுப்பு வலி, கழுத்து வலி, மூட்டு வலி என்று எழுதியவை எப்போதும் உண்டு. வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். "டிஸ்க் தேஞ்சு போச்சுன்னு ஸ்கேன்ல வந்திருக்கு, இனி குனியவே கூடாதாம்" என்பது ஒன்று. "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. வீட்டுல நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க" என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்பவர்களில் பெண்களே அதிகம். இந்த இருவருக்காகவும், முக்கியமாக அவர்கள் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறோம்.

வலி ஒரு காவல்

பாகிஸ்தானின் வடபகுதியில் தெருவில் வித்தை காட்டும் சிறுவன் ஒருவன் இருந்தான். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், நெருப்புக் கங்குகளின் மேல் நடப்பான். அவனுக்கு வலிக்காது. பதினான்கு வயது நிறைவதற்குள் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாத வேறு ஆறு பிள்ளைகளை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். வலிச் செய்தியை நரம்பில் கிளப்பிவிடும் ஒரு நுண்ணிய வாசல் அவர்களுக்கு வேலை செய்யவில்லை என்று 2006இல் கண்டறிந்தார்கள். வலியே இல்லாத அந்தப் பிள்ளைகள் நாக்கையும் உதட்டையும் கடித்துக் காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எலும்பு முறிந்ததுகூட உடனே தெரியவில்லை.

வலி நம்மைக் காப்பதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. காயம் பட்ட காலை ஊன்ற விடாமல் தடுப்பது அதுதான். காயம் ஆறியதும் அது அடங்கிவிட வேண்டும்.

காவல் மணி நிற்காமல் அடித்தால்?

சிலருக்கு அது அடங்குவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ அதை நாள்பட்ட வலி என்கிறார்கள்.

1983இல் லண்டனில் கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்துச் செய்த சோதனை இதற்கு ஒரு விளக்கம் தந்தது. காயத்துக்குப் பிறகு முதுகுத் தண்டுவடத்தில் உள்ள நரம்பு செல்களே கூர்மையடைந்துவிடுகின்றன. முன்பு கண்டுகொள்ளாத லேசான தொடுதலுக்கும் அவை துடிக்கின்றன. திருடன் போய் வெகு நாளான பிறகும், பூனை நடந்தால்கூட அடிக்கும் மணியைப் போல. தூக்கமின்மை, கவலை, துக்கம் எல்லாம் அந்த மணியை இன்னும் உரக்க அடிக்க வைக்கும்.

ஆகவே டெஸ்ட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வலி இல்லை என்று பொருளல்ல. வலியை ஆராயும் சர்வதேச சங்கம் 2020இல் திருத்திய தன் விளக்கத்தில், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று குறிப்பிட்டுள்ளது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் நாள்பட்ட வலிக்குத் தனி இடம் தரப்பட்டிருக்கிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கண்டு பயப்படலாமா?

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றிய 33 ஆய்வுகள் 2015இல் தொகுத்துப் பார்க்கப்பட்டன. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. அதாவது தேய்மானம் பலருக்குத் தலை நரைப்பதைப் போன்றது. ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை இருப்பதாலேயே அதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. கடன் வாங்கி ஸ்கேன் எடுப்பதற்கு முன், இது எனக்கு அவசியமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

தனிக் காரணம் புலப்படாத நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுப்பது, அபின் வகை மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

உடற்பயிற்சி என்றதும் பயப்பட வேண்டாம். ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டினால் போதும். வலி குறைந்த நாளில் வீட்டிலுள்ள துணி முழுவதையும் துவைத்துவிட்டு, மறுநாள் எழ முடியாமல் கிடப்பது பலர் செய்யும் தவறு. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அளவாகச் செய்வதே பலன் தரும். குனியப் பயந்து நாற்காலியில் தொழுபவர்கள், படிப்படியாகப் பழகலாமா என்று பிசியோதெரபி நிபுணரிடம் கேட்டுப் பார்க்கலாம். முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமிருக்கிறது.

மருந்தைப் பற்றி இரண்டு செய்திகள். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கித் தினமும் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அடுத்து, நரம்பு வலிக்கு மருத்துவர் அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் போன்றவற்றை எழுதினால், "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று தூக்கி எறிய வேண்டாம். மூளையிலிருந்து இறங்கி வந்து வலியை அடக்கும் நரம்புப் பாதைகளுக்கு அவை வலுவூட்டுகின்றன. அதற்காகத்தான் எழுதுகிறார்கள்.

புதிய மருந்துகளும் வருகின்றன. அந்தப் பிள்ளைகளிடம் பழுதுபட்டிருந்த வாசலைப் போன்ற இன்னொரு வாசலை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால் அந்த அனுமதி திடீர் வலிக்கு மட்டுமே.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

முதுகுவலியோடு கால் பலவீனம், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவை இருந்தாலும் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

உம்மாவோ மருமகளோ வலிக்கிறது என்றால் முதலில் நம்புங்கள். நம்புவது என்றால் படுக்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வதல்ல. தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். மாலையில் அவரோடு சேர்ந்து தெருமுனை வரை நடங்கள். நடிக்கிறாள் என்று நினைக்கும் வீட்டில் அவருக்குக் கவலையும் தூக்கமின்மையும் கூடும். அவற்றோடு வலியும் கூடும். நம்பும் வீட்டில் அந்தச் சுமையாவது இறங்கும். அதற்குப் பணம் வேண்டியதில்லை, மனு எழுத வேண்டியதுமில்லை.