ஓரிரவுச் சடங்கு
முதலாளிகள் தெருவில் படுப்பது குறித்துச் சில குறிப்புகள்

1

ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். அந்த மாதத்தில் ஓரிரவு பெரிய கம்பெனிகளின் தலைமை நிர்வாகிகள் வெளியில் படுக்கிறார்கள். கீழே விரிக்க அட்டை, நுழைந்துகொள்ள உறக்கப்பை, காதை மூடக் கம்பளித் தொப்பி. இப்படிப் படுக்கப் போவதாக முன்கூட்டியே அறிவித்து, தெரிந்தவர்களிடமெல்லாம் நன்கொடை திரட்டுகிறார்கள். விடிந்ததும் வீட்டுக்குப் போகிறார்கள். 2006இல் சிட்னிக்கு மேற்கே பாராமட்டாவில் தொடங்கிய இதை, 2010 முதல் செயின்ட் வின்சென்ட் டி பால் சொசைட்டி நாடு தழுவிய நிகழ்வாக நடத்துகிறது. பெயர் 'சிஇஓ ஸ்லீப்அவுட்'. பிரிட்டனில் கணினித் துறையினர் 1998இலேயே 'பைட் நைட்' என்ற பெயரில் தொடங்கிவிட்டார்கள். நியூயார்க்கில் 1972 முதல் இயங்கிவரும் கவனன்ட் ஹவுஸ், 2011இலிருந்து நிர்வாகிகளைத் தெருவில் படுக்க வைக்கிறது. கடைசி இரண்டிலும் திரளும் பணம் வீடற்ற இளைஞர்களுக்குப் போகிறது.

"நல்ல காரியந்தானே, இதுல உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்றார் நண்பர் ஒருவர். நியாயமான கேள்வி. அந்தப் பணத்தில் யாரோ ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு இன்றிரவு கதவு தாழிட்ட ஓர் அறை கிடைக்கிறது. அதைக் கேலி செய்யும் உரிமை எனக்கில்லை. எனவே இதில் கலந்துகொள்பவர்கள் நல்லவர்களா, வேஷதாரிகளா என்ற விசாரணைக்குள் நான் போகப் போவதில்லை. மனசாட்சியை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. நான் பேச விரும்புவது இந்தச் சடங்கு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைப் பற்றித்தான்.

2

முதலில் காட்டுவது. வீடின்மை என்றால் தெருவில் படுப்பது. இதுதான் பிம்பம். அட்டை, குளிர், நட்சத்திரம்.

2021ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் குடிக்கணக்கு வீடற்றவர்களாக எண்ணியது 1,22,494 பேரை. இவர்களில் திறந்தவெளியிலோ கூடாரத்திலோ ஒட்டுக் கொட்டகையிலோ இருந்தவர்கள் 7,636 பேர். நூற்றுக்கு ஆறு. மற்றவர்கள் எங்கே? நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் ஓர் அறையில் பலராக அடைந்து கிடந்தார்கள். இன்னும் பலர் விடுதிகளில், தற்காலிகக் காப்பகங்களில், தெரிந்தவர் வீட்டு சோபாவில். மொத்தத்தில் 12 முதல் 24 வயது வரையுள்ளவர்கள் 23 சதவீதம். ஐந்தில் ஒருவர் பூர்வகுடி. நாட்டின் மக்கள்தொகையில் பூர்வகுடிகள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இளைஞரின் வீடின்மை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. அடி உதைக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்தவள், வளர்ப்பு இல்லத்திலிருந்து வயது முடிந்து வெளியே அனுப்பப்பட்டவன், தன் பாலியல்பைச் சொன்னதற்காகத் துரத்தப்பட்டவர். இவர்கள் இன்று ஒரு சிநேகிதி வீட்டில், நாளை இன்னொருவர் வீட்டில். மூன்றாம் நாள் 'எப்ப கிளம்புற?' என்ற கேள்வி முகத்தில் தெரியும். படுக்கை இருக்கும், படுப்பதற்கு என்ன விலை என்பது இருட்டிய பிறகு தெரியவரும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாப்பின் ஹால் ஆய்வு 2017இல் கண்டறிந்ததும் இதுதான். அமெரிக்காவில் 18 முதல் 25 வயதுக்குள் பத்தில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோவொரு வகையில் வீடின்றி இருந்திருக்கிறார். அடுத்தவர் சோபாவில் காலந்தள்ளியவர்களையும் அந்த ஆய்வு கணக்கில் சேர்த்தது.

இந்தத் தயவை நடித்துக் காட்ட முடியுமா? முடியாது. குளிரைத்தான் நடிக்க முடியும். 2019இல் அந்த ஆஸ்திரேலிய நிகழ்வில் நிர்வாகிகள் கண்களில் மெய்நிகர்க் கருவியை மாட்டிக்கொண்டு வீடின்மையைப் 'பார்த்த' படம் வெளியாகிப் பலத்த கண்டனத்துக்கு உள்ளானது. எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை. பிம்பத்தின் மேல் கட்டப்பட்ட சடங்கு இன்னொரு பிம்பத்தில்தானே போய் முடியும்.

3

இனி, சடங்கு. மானுடவியலாளர் விக்டர் டர்னர் 1969இல் வெளியிட்ட நூலில் இரண்டு வகைச் சடங்குகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று தலைகீழாக்கம். ஒருநாள் மட்டும் கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களைப் போல நடந்துகொள்வார்கள். அதிகாரத்தைத் திட்டுவார்கள், அடிப்பார்கள். மற்றொன்று உயர்த்தல். மேலே போகப் போகிறவனை அதற்கு முன் தரையில் தள்ளுவார்கள்.

இன்றைய ஜாம்பியாவில் வாழும் ந்டெம்பு மக்களின் தலைவர் பதவியேற்பை இரண்டாவதற்கு உதாரணமாகச் சொல்கிறார். பதவியேற்பதற்கு முந்தைய இரவு தலைவனாகப் போகிறவனைக் கந்தல் துணியோடு ஒரு சிறு குடிசையில் உட்கார வைக்கிறார்கள். சாவு என்ற சொல்லிலிருந்து வந்தது அந்தக் குடிசையின் பெயர். அவன் தூங்கக் கூடாது. எடுபிடி வேலை செய்ய வேண்டும். விடிந்தால் தலைவன்.

கம்பெனித் தலைவர் தெருவில் படுப்பது முதல் வகை போலத் தோன்றும். மேல் கீழாகிவிட்டது, சமத்துவம் வந்துவிட்டது என்று. உண்மையில் இது இரண்டாம் வகை. கந்தல், குளிர், தூக்கமின்மை, பிறகு விடியல். காலையில் எழுபவர் வெறும் நிர்வாகி இல்லை, இதயமுள்ள நிர்வாகி. நேற்று இருந்ததைவிட ஒரு படி மேலே. வீடற்றவனோ நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறான். அவனுக்கு மேலும் கீழும் ஆகவில்லை. அவன் வாழ்க்கை இன்னொருவரின் உயர்வுக்கு ஒரு மேடையாக மட்டும் ஆகியிருக்கிறது.

ஆனால் ந்டெம்பு சடங்கில் ஒரு முக்கியமான அங்கம் இருக்கிறது. தலைவனால் முன்பு பாதிக்கப்பட்ட எவரும் அந்த இரவில் அவன் முன்னால் நின்று, மனதில் உள்ளதை எல்லாம் கொட்டித் திட்டலாம். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் அதற்காகப் பழிவாங்கக் கூடாது. நமது நவீனச் சடங்கு கந்தலை எடுத்துக்கொண்டது, தூக்கமின்மையை எடுத்துக்கொண்டது. திட்டை மட்டும் விட்டுவிட்டது.

4

அந்த இரவில் யாராவது திட்டுவதற்கு அனுமதிக்கப்பட்டால் என்ன பேசுவார்கள்?

1989இலேயே ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம், பிரையன் பர்டெக்கின் தலைமையில் விசாரித்து, வீடற்ற குழந்தைகள் பற்றி விரிவான அறிக்கை தந்தது. காரணங்கள் தெரியாமல் இல்லை. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1999இல், சொத்தை விற்றுவரும் லாபத்தில் பாதிக்கு வரிவிலக்குத் தந்தது அந்நாட்டு அரசு. வாடகைக்கு விட்ட வீட்டில் வரும் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை அதற்கு முன்பே இருந்தது. வீடு குடியிருப்பதற்கு என்பது போய், வாங்கி விற்பதற்கு என்றாயிற்று. இன்னொரு பக்கம், 22 வயது நிரம்பாத இளைஞர் உதவித்தொகை கேட்டால் பொதுவாகப் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் இருக்கவே முடியாது என்பவர்கள் அதை நிறுவியாக வேண்டும். வீட்டை விட்டு ஓடிவந்தவள் தான் ஓடிவந்த கதையை அலுவலர் முன் நிரூபிக்க வேண்டும். ஸ்லீப்அவுட்டுக்கு நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு உண்டு. அவளுக்குப் படிவம்.

சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து கிராண்ட்ஸ் பாஸ் நகரம், பொது இடத்தில் போர்வை விரித்துத் தங்கினால் 295 டாலர் அபராதம் என்றது. 2024 ஜூன் 28 அன்று உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தங்க வேறு இடம் இல்லாதவரையும் தண்டிக்கலாம். அது கொடூரமான தண்டனை ஆகாது. அதே நாட்டில் நிர்வாகிகள் ஏற்பாடு செய்யப்பட்ட இடத்தில், ஊரறிய, உறக்கப்பைக்குள் படுக்கிறார்கள். அதே தரை, அதே துணி. ஓர் உடலைச் சட்டம் குற்றம் என்று வாசிக்கிறது. இன்னோர் உடலைத் தொண்டு என்று வாசிக்கிறது. உடலில் எழுதப்பட்டிருப்பது அதன் முகவரி.

5

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற? பணம் வேண்டாம்னு சொல்லவா?" நண்பர் விடுவதாக இல்லை.

பணம் வரட்டும். மறுக்கச் சொல்ல நான் யார்? தர்மம் செய்வதை எதிர்த்துத் தத்துவம் பேசிவிட்டு நாம் நம் வீட்டுக் கட்டிலுக்குத் திரும்பிவிடுகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையையும் ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்தச் சடங்கை முழுசாகச் செய்யுங்கள். இளைஞர்களை அழைத்து 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று உருகவைக்க வேண்டாம். வாடகையை ஏற்றியது யார், பிணைத்தொகையைத் திருப்பித் தராதது யார், வேலைக்கு வந்த பையனை முகவரி இல்லை என்று அனுப்பியது எந்த கம்பெனி என்று அவர்கள் பெயர் சொல்லிக் கேட்கட்டும். நிர்வாகி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும். விடிந்ததும் பதில் சொல்லட்டும்.

அப்படி அழைத்தால் அடுத்த ஜூனில் எத்தனை பேர் படுக்க வருவார்கள் என்று நண்பரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.