கப்பலில் தீர்ந்த வேற்றுமை

நம் நாடு பேச்சுவார்த்தையால் விடுதலை பெற்றது என்று கூறக் கேட்கிறோம். அப்பேச்சு எங்கே, யாரோடு, எதைக் குறித்து நடைபெற்றது என்பதைத் தோட்டத்து அன்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

1955 ஜூலைத் தேர்தலில் அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் இணைந்த கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. துங்கு அப்துல் ரஹ்மான் முதலமைச்சரானார், ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் தொழில் அமைச்சரானார். பிரிக்பீல்ட்சில் இன்று சாலைக்குப் பெயராக விளங்கும் துன் சம்பந்தன் அவரே.

அக்காலம் அவசரகாலம். 1948 முதல் காட்டோரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டச் செல்வோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டே சென்றனர். போரை முடிக்கக் கருதிய துங்கு, 1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் கெடா மாநிலத்துப் பாலிங்கில், ஒரு பள்ளிக்கூடத்தில், கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தார். கட்சிக்கு அங்கீகாரம் கேட்டார் சின் பெங், துங்கு இணங்கவில்லை. பேச்சு முறிந்தது. ஆயினும், உள்நாட்டுப் பாதுகாப்பும் தற்காப்பும் மலாயா அரசின் கைக்கு வந்தால் போரை நிறுத்த ஆயத்தம் என்று சின் பெங் சொன்ன சொல், துங்குவுக்கு இலண்டனில் துணையாயிற்று.

இலண்டன் சென்ற குழுவில் சுல்தான்களின் பேராளர் நால்வர், கூட்டணியினர் நால்வர். விடுதலைக்குப் பின் தங்கள் நிலை யாதாகுமோ என்ற கவலை சுல்தான்களுக்கு இருந்தது. ஆகவே 1956 ஜனவரி முதல் நாள் சிங்கப்பூரில் கப்பலேறிய இரு சாராரும் கராச்சி சேரும்வரை தங்களுக்குள் பேசி வேற்றுமைகளைத் தீர்த்துக்கொண்டனர். எஞ்சிய வழியை விமானத்தில் கடந்தனர். இலண்டன் மேசையில் எழுந்தது ஒரே குரல். பிப்ரவரி 8இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று.

இதன் அருமையை அயர்லாந்தின் வரலாறு காட்டும். 1921 டிசம்பரில் இலண்டனில் உடன்படிக்கை செய்து திரும்பிய தலைவர்களை அவர்தம் தோழர்களே ஏற்க மறுத்தனர். உள்நாட்டுப் போர் மூண்டது. கையொப்பமிட்ட மைக்கேல் கொலின்சே 1922 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம்மவர்க்கு இதில் முதன்மையானது குடியுரிமை. 1956இல் ரீட் ஆணையம் அரசியல் சட்டம் வரைய வந்தது. இந்திய நீதிபதி பி. மாலிக்கும் அதில் ஓர் உறுப்பினர். 1957 ஆகஸ்டு 31இல் கோலாலம்பூர் மெர்டேக்கா விளையாட்டரங்கில் விடுதலை முழங்கியபோது நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, அன்று முதல் இங்குப் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடியுரிமை பெற்றது. (1962இல் இவ்விதி திருத்தப்பட்டது.) முன்னரே இங்குப் பிறந்த பெரியவர்கள் முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டும், வெளிநாட்டில் பிறந்தோர் 12 ஆண்டுகளில் 8 ஆண்டும் இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும், ஓரளவு மலாய் மொழியும் தெரிந்திருத்தல் வேண்டும். இங்குப் பிறந்தோர்க்கும் 45 வயது நிரம்பிய மற்றவர்க்கும் முதல் ஓராண்டு மட்டும் அம்மொழி விதி தளர்த்தப்பட்டது.

ஓராண்டு விரைந்தோடிவிட்டது. என்றேனும் ஊருக்குத் திரும்பப் போகிறோமே என்று எண்ணிப் பலர் விண்ணப்பிக்கவில்லை. அதனால் பெற்றோர் சிவப்பு அடையாள அட்டையோடும் பிள்ளைகள் நீல அட்டையோடும் ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் இருந்தன.