ஓர் அங்குலக் குழாயில் ஒரு குட்டி பைக்

மினி பைக் செய்கிறவர் இன்ஜினைக் கடையில் வாங்குகிறார். சக்கரம், செயின், கிளட்ச், பிரேக் எல்லாமே கடைச் சரக்குதான். அவர் கைவேலை என்று மிஞ்சுவது ஃப்ரேம் ஒன்றே. நாலைந்து குழாய்த் துண்டுகளை வளைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வெல்டிங்கைத்தான் குனிந்து பார்ப்பார்கள். அதற்குக் கிடைக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம் என்பது என் கட்சி. ஃப்ரேம் உழைக்குமா, விரிசல் விடுமா என்பது பெரும்பாலும் வெல்டிங் மெஷினுக்கு ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அளவு எடுத்த விதத்திலும், குழாய் முனையை அரம் போட்டுப் பொருத்திய விதத்திலும் அந்த முடிவு இருக்கிறது.

இந்த வண்டிக்குச் சொந்த ஊர் அமெரிக்கா. 1950களில் அங்கே டிராக் ரேஸ் நடக்கும் இடங்களில், கார்கள் நிற்கும் பகுதிக்கும் ஓடுபாதைக்கும் இடையே போய்வர ரேஸ்காரர்கள் தாங்களே குட்டி இருசக்கர வண்டிகளைச் செய்துகொண்டார்கள். அதே பத்தாண்டில், 1956-இல், ரேஸ் கார் கட்டும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் கலிபோர்னியாவின் க்ளெண்டேலில் புல்வெட்டி இன்ஜினை வைத்து முதல் கோ-கார்ட்டைச் செய்தார். சிறிய இன்ஜின், தானாகப் பிடிக்கும் கிளட்ச், ஒற்றைச் செயின் என்ற கோ-கார்ட்டின் ஏற்பாட்டை மினி பைக் அப்படியே எடுத்துக்கொண்டது. 1960களில் அது ஒரு தொழிலாகவே ஆனது. ஒஹாயோ மாநிலத்தின் மான்ஸ்ஃபீல்டில் கோ-கார்ட்டும் மினி பைக்கும் செய்து விற்ற மிக்கி ரப், 1965 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் தாமே ஓட்டி ஆறாவதாக வந்தவர். ‘ரப்’ வண்டிகளின் பழைய ஃப்ரேம்களை இன்றும் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் உண்டு.

அமெரிக்காவுக்கு வெளியேயும் குட்டி பைக் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்குவதற்காகப் பிரிட்டனில் செய்த மடக்கு வண்டியான வெல்பைக், 98 சி.சி. வில்லியர்ஸ் இன்ஜினில் ஓடியது. 1961-இல் டோக்கியோ அருகே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்காக ஹோண்டா செய்த 50 சி.சி. வண்டிதான் பின்னால் ‘மங்கி’ என்று பேர் வாங்கியது. ஆனால் அவை தொழிற்சாலைப் பிள்ளைகள். வீட்டுப் பின்கட்டில் செய்யக்கூடிய வண்டி என்றால் அமெரிக்க மினி பைக்தான்.

அந்தக் காலத்தில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், டெகம்சே கம்பெனிகளின் இன்ஜின்கள் ஓடின. புல்வெட்டி இன்ஜின் எல்லாமே இதற்குச் சரிப்படாது. பல புல்வெட்டிகளில் தண்டு கீழ்நோக்கி நிற்கும். மினி பைக்குக்குத் தண்டு பக்கவாட்டில் வர வேண்டும். இன்று பெரும்பாலானவர்கள் வைப்பது ஹோண்டா ஜிஎக்ஸ்200 அல்லது அதைப் பார்த்துச் செய்த சீன இன்ஜின். 196 சி.சி., ஒற்றை சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி. நம் ஊரில் இதே வகை இன்ஜினைத் தண்ணீர் இறைக்கும் பம்பிலும் களையெடுக்கும் இயந்திரத்திலும் பார்க்கலாம்.

இந்த இன்ஜினில் கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்றுக்கு மேல் அது ஓடவிடாது. கியர் பெட்டி கிடையாது. தண்டில் மாட்டிய கிளட்சுக்குள் இருக்கும் கட்டைகள், சுற்று 2,000-ஐ நெருங்கும்போது மையவிலக்கு விசையில் வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கும், வண்டி நகரும். கிளட்சில் 10 பல், பின்சக்கரத்தில் 60 பல் என்றால் ஆறுக்கு ஒன்று: இன்ஜின் 3,600 சுற்றும்போது சக்கரம் 600 சுற்றும். 145/70-6 என்ற அளவுள்ள டயரின் விட்டம் ஏறக்குறைய 355 மில்லிமீட்டர், சுற்றளவு 1.1 மீட்டர் சொச்சம். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 40 கிலோமீட்டர் வரும். பற்றாது என்று கவர்னரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சஸ்பென்ஷன் இல்லாத, பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டுமே பிரேக் உள்ள வண்டியில் 40 என்பதே எனக்கு அதிகமாகப் படுகிறது.

ரோட்டில் ஓட்டலாமா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988 நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டிகளில் விலக்குத் தருவது 25 சி.சி. வரைதான். 196 சி.சி. வைத்த வண்டி, அது எவ்வளவு குட்டையாக இருந்தாலும், பதிவில்லாமல் பொதுச் சாலைக்கு வர முடியாது. தோப்பு, தனியார் மைதானம், களத்துமேடு இவைதான் அதற்கு இடம்.

இனி ஃப்ரேம். முதலில் முடிவு செய்ய வேண்டியது கழுத்துக் குழாயின் சாய்வு. ஃபோர்க்கின் தண்டு சுழலும் குழாய்தான் கழுத்து. சைக்கிளில் கோன் செட் உட்காரும் இடம் என்றால் உடனே புரியும். இது எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்தே வண்டி நேராக ஓடுவதும் தள்ளாடுவதும் அமைகின்றன. கழுத்தின் நடுக்கோட்டை அப்படியே தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு ட்ரெயில் என்று பெயர். ஓடும்போது தரை டயரைப் பின்னோக்கி இழுக்கிறது. டயர் ஸ்டீயரிங் கோட்டுக்குப் பின்னால் இருப்பதால், திரும்பிய சக்கரத்தை அந்த இழுப்பே நேராக்கிவிடுகிறது.

மினி பைக் ஃபோர்க் பெரும்பாலும் நேர்க்கட்டையாக, முன்தள்ளல் இல்லாமல் இருப்பதால் கணக்கு சுலபம். மேலே சொன்ன டயரின் ஆரம் 178 மில்லிமீட்டர். கழுத்து தரையோடு 65 பாகை வைத்தால் ட்ரெயில் 83 மில்லிமீட்டர். 70 பாகைக்கு நிமிர்த்தினால் 65 ஆகக் குறையும். கை இலேசாகும், வேகத்தில் படபடப்பும் வரும். டயரைச் சின்னதாக்கினாலும் ட்ரெயில் குறையும். ஃப்ரேமைக் கட்டி முடித்தபிறகு கையில் கிடைத்த சின்ன டயரை மாட்டிவிட்டு, “என்னவோ ஆட்டுதே” என்று வெல்டிங்கைச் சந்தேகப்படுவதில் அர்த்தமில்லை. படத்தைத் தாளில் குறுக்கி வரைவதைவிடச் சிமென்ட் தரையில் முழு அளவில் சாக்பீஸால் போட்டுக்கொள்வது மேல். இன்ஜினையும் சக்கரங்களையும் அந்தப் படத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம்; ஓட்டுகிறவரின் முழங்கால் எங்கே வரும், சைலன்ஸர் கெண்டைக்காலைச் சுடுமா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

குழாய்க்கு வழக்கமான அளவு வெளிவிட்டம் ஓர் அங்குலம், சுவர் கனம் இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர். முக்கால் அங்குலம் போதாதா என்று கடைக்காரர் கேட்பார். போதாது. ஒரே சுவர் கனத்தில் முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குப் போனால் எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது; வளையாமல் நிற்கும் விறைப்போ இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. விறைப்பு விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பின்தொடர்வதால் வரும் லாபம் இது. கனத்தைக் கூட்டி எடையை ஏற்றுவதைவிட விட்டத்தைக் கூட்டுவது புத்திசாலித்தனம்.

பழைய ஜி.ஐ. பைப் வீட்டில் கிடக்கிறது என்று அதை எடுக்கக் கூடாது. அதன்மேல் பூசிய துத்தநாகம் 907 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். இரும்பு உருக அதைவிட ஐந்நூறு அறுநூறு பாகை கூடுதலாக வேண்டும். அதனால் வெல்டிங் போடும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பற்றும் சுத்தமாக விழாது, பொத்தல் பொத்தலாக இருக்கும்.

வளைப்பதில்தான் நிறைய குழாய் வீணாகிறது. வாடகைக்கும் மலிவு விலைக்கும் கிடைக்கும் ஹைட்ராலிக் பெண்டர்கள் பிளம்பர்களுக்காகச் செய்தவை. அவற்றின் பள்ளம் தண்ணீர்ப் பைப்பின் அளவில் இருக்கும். ‘முக்கால் அங்குல’ இரும்புப் பைப்பின் உண்மையான வெளிவிட்டம் 26.7 மில்லிமீட்டர்; நம்முடைய ஓர் அங்குலக் குழாய் 25.4. அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் இடைவெளிதான் வினை. குழாயின் பக்கங்களைப் பள்ளம் தாங்காததால், அழுத்தும்போது அவை விரிந்து, உள்வளைவில் சொட்டை விழுந்துவிடும். சொட்டை விழுந்த இடம் அடுத்த தடவை மடங்கப்போகும் இடம். சரியான அளவு அச்சு கிடைக்காவிட்டால் குழாயில் மணலை இறுகத் தட்டி நிரப்பி, இரு முனையையும் அடைத்து வளைப்பது பழைய முறை. மணல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணலை வைத்துச் சூடாக்கினால் நீராவி அடைப்பைப் பிடுங்கி எறியும்.

வளைவுக்கு எவ்வளவு குழாய் தேவை என்பதிலும் சறுக்கல் உண்டு. 100 மில்லிமீட்டர் ஆரத்தில் 90 பாகை வளைத்தால் அந்த வளைவு தின்னும் நீளம் 157 மில்லிமீட்டர். முக்குவரை நேராக அளந்து கூட்டினால் 200 என்று வரும். ஒரு வளைவுக்கு 43 மில்லிமீட்டர் வித்தியாசம். நாலு வளைவு உள்ள ஃப்ரேமில் அது அரை அடியைத் தாண்டிவிடும். விட்டதும் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் 90 வேண்டுமானால் இரண்டு மூன்று பாகை அதிகமாக வளைத்து விட வேண்டும்.

அடுத்தது மீன்வாய் வெட்டு. ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் உடம்பில் போய் முட்டும்போது, நேராக வெட்டிய முனை இரண்டு இடத்தில் மட்டும் தொடும். மற்ற இடமெல்லாம் சந்து. முனையை எதிர்க்குழாயின் உருளைக்கு ஏற்றபடி குடைந்தால் சுற்றிலும் உட்காரும். டிரில்லிங் மெஷினில் ஓர் அங்குல ஹோல்-சா மாட்டி, குழாயை வேண்டிய சாய்வில் பிடித்து வெட்டுவது ஒரு வழி. காகித வார்ப்பைக் குழாயில் சுற்றி ஒட்டி, கோடு போட்டு, கிரைண்டரில் அறுத்து, அரைவட்ட அரத்தால் தேய்த்து எடுப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்குப் பொறுமை அதிகம் வேண்டும், காசு வேண்டாம். பொருத்திப் பார்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளிக்கீற்று எங்கும் தெரியக் கூடாது. ஒரு நூல், அதாவது மூன்று மில்லிமீட்டர், சந்து இருந்தாலும் வெல்டர் அதை ராடை உருக்கி ஊற்றி மூடிவிடுவார். வெளியே பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. சந்து பெரிதாக இருந்தால் இழுப்பும் பெரிது. கழுத்தை ஒரு பாகை இழுத்துவிட்டால் பாடுபட்டுப் போட்ட ட்ரெயில் கணக்கு மாறிப்போகும்.

அதனால்தான் நேரான கனத்த சேனல் ஒன்றின்மேல் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை தொடங்குகிறார்கள். பின்சக்கரத் தகடுகள் இரண்டிலும் ஊடாக நீண்ட போல்ட் கம்பி ஒன்றைச் செருகி நட்டு போட்டுவிட்டால் அவை இணையாக நிற்கும். கழுத்துக்குள் நீளக் கம்பி ஒன்றை விட்டு, பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் பக்கச் சாய்வு தெரியும். ரசமட்டத்தையும் நூல்கயிறையும் மிஞ்சின கருவி இதற்கு வேண்டியதில்லை. முதலில் ஒவ்வொரு மூட்டிலும் நாலு பக்கம் டேக், அதாவது பொட்டுப் பொட்டாகச் சிறு வெல்டிங், மட்டும் வைத்து, சக்கரமும் இன்ஜினும் மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கிளட்சின் பல்லும் பின்சக்கரப் பல்சக்கரமும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று நேர்க்கட்டை வைத்துப் பார்ப்பதும் இப்போதுதான். கோடு தப்பினால் செயின் கழன்றுகொண்டே இருக்கும். டேக்கை கிரைண்டரால் அறுத்துத் திருத்திக்கொள்ளலாம். முழு வெல்டிங்குக்குப் பிறகு அந்தச் சலுகை கிடையாது.

முழு வெல்டிங்கில் ஒரே மூட்டைச் சுற்றிச் சுற்றி முடிக்காமல், இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம், ஆறவிட்டு அடுத்த மூட்டு என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். இருபுறமும் அடைபட்ட குழாயில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று வைக்காவிட்டால், உள்ளே சூடான காற்று கடைசிச் சந்து மூடும் நேரத்தில் உருகிய உலோகத்தைத் துப்பிவிடும். கழுத்துக்குப் பின்னால் மேல்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் முக்கில் ஒரு முக்கோணத் தகடு வைப்பது வழக்கம். முன்சக்கரம் கல்லில் மோதும்போது ஃபோர்க் முழுவதும் நெம்புகோலாகி அந்த மூட்டைத்தான் பிடுங்கப் பார்க்கும். அந்தத் தகட்டின் முனை குழாயில் முடியும் இடத்தில் குறுக்காக வெல்டிங் போடாமல் விட்டுவிட வேண்டும். குறுக்குக் கோடு போட்டால் அதை ஒட்டியே குழாய் கிழியும்.

இன்ஜின் உட்காரும் தகடு ஐந்தாறு மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். போல்ட் துளைகள் நீளவாக்கில் இருந்தால் இன்ஜினை நகர்த்திச் செயினை முறுக்கிக்கொள்ளலாம். 3,600 சுற்றில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 60 தடவை உதறுகிறது; முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 2,16,000 உதறல். கழுத்துக்கு அடுத்தபடி விரிசல் வருவது இந்தத் தகட்டின் மூலைகளில்தான்.

ஆகவே அனுபவம் உள்ளவர்கள் பெயின்ட் அடிக்க அவசரப்படுவதில்லை. வெற்று இரும்பாகவே சில மணி நேரம் மைதானத்தில் ஓட்டி, கழுவித் துடைத்து, ஒவ்வொரு மூட்டையும் டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் விளிம்பை ஒட்டி மயிரிழையாகத் துருக்கோடு ஒன்று தெரியும். சந்தேகமான இடத்தில் சிவப்புச் சாய ஸ்ப்ரேயை அடித்துத் துடைத்து, மேலே வெள்ளை மாவு ஸ்ப்ரே அடித்தால், விரிசலுக்குள் புகுந்த சாயம் வெள்ளையில் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு தெரிந்தால் அதன்மேலேயே இன்னொரு கோட்டிங் வெல்டிங் போட்டு மூடிவிடக் கூடாது. விரிசல் முடியும் நுனியில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, நீளம் முழுக்க ‘வி’ வடிவில் குடைந்தெடுத்து, புதிதாகப் பற்றவைத்து, அங்கே ஏன் விரிந்தது என்று பார்த்துத் தகடோ குறுக்குக் குழாயோ சேர்த்து, மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். பிரைமர் டப்பாவைத் திறப்பது அதற்கப்புறம்தான்.