சந்தக்பூ போகிறவர்களுக்கு: ஜீப்பா, குதிரையா?

கல்கத்தாத் தமிழர்களுக்குக் குதிரை புதிதல்ல. ஊரிலிருந்து வரும் மாமனார் மாமியாரை விக்டோரியா மெமோரியல் வாசலில் சாரட்டு வண்டியில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டாத குடும்பம் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் குறைவு. 1840ல் தொடங்கிய குதிரைப் போலீஸ் மைதானத்தில் கால்பந்துக் கூட்டத்தை ஒழுங்கு செய்வதையும் பார்த்திருப்போம். ரேஸ்கோர்ஸ் பக்கம் போகிறவர்களைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. அது அவரவர் சம்பளக் கவர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனால் குதிரையோடு காட்டு வழியில் நடந்து, அது புல் தின்னும் இடத்திலேயே தானும் சோறு பொங்கித் தின்று, இரவில் அது பெருமூச்சு விடுவதைக் கேட்டுக் கொண்டே தூங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அமெரிக்கா போன்ற நாடுகளில் இதற்கென்றே காட்டுக்குள் முகாம்கள் இருக்கின்றன. குதிரை கட்டக் கம்பமும் பட்டியும் உண்டு, மற்றபடி வசதி ஒன்றும் கிடையாது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சியால்தாவில் இரவு வண்டி ஏறினால் மறுநாள் மாலைக்குள் அப்படியோர் இடத்தின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்து விடலாம். அதுதான் டார்ஜிலிங் மாவட்டத்துச் சிங்கலிலா மலைத்தொடர். அதன் உச்சி சந்தக்பூ, 3,636 மீட்டர். மேற்கு வங்காளத்தில் இதற்கு மேல் உயரம் இல்லை.

நியூ ஜல்பைகுரியில் இறங்கி, மிரிக், சுகியா போகரி வழியாக மானேபஞ்சங் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். அதன் உயரம் சுமார் 2,000 மீட்டர். அங்கிருந்து சந்தக்பூ 31 கிலோமீட்டர். பாதை முழுவதும் இந்திய நேபாள எல்லையோடு ஒட்டி ஓடுகிறது. காலை டீ குடிக்கும் கடை நேபாளத்தில் இருக்கும், கை கழுவும் இடம் இந்தியாவில் இருக்கும். வழியில் எஸ்.எஸ்.பி. காவலர்கள் அடையாள அட்டை கேட்பார்கள். வாக்காளர் அட்டையைப் பெட்டியின் அடியில் போடாமல் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது. பூங்காவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டும், உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் கட்டாயம்.

மேலே போக மூன்று வழி உண்டு. மூட்டையைத் தானே சுமந்து நடக்கலாம். மூட்டையைக் குதிரை மேல் ஏற்றிவிட்டு, கையை வீசிக் கொண்டு அதன் பின்னால் நடக்கலாம். அல்லது ஜீப். மானேபஞ்சங்கின் பழைய லாண்ட் ரோவர்கள் பேர் போனவை. 1950களில் செய்த வண்டிகள் கல்லிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குவதைப் பார்க்கவே கூட்டம் வரும். இப்போது பாதையின் பெரும்பகுதிக்குச் சிமெண்ட் போட்டாகி விட்டது. புதிய ஜீப்புகள் சில மணி நேரத்தில் உச்சியில் கொண்டு போய் இறக்கி விடுகின்றன.

இரண்டு நாள் லீவில் காஞ்சன்ஜங்காவைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்ற குமாஸ்தாவுக்கு ஜீப் வரப்பிரசாதம் போலத் தோன்றும். ஆனால் உடம்பு அப்படி நினைப்பதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் போனால், ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. காலையில் 2,000 மீட்டரில் இருந்தவர் மாலையில் 3,600 மீட்டரில் படுத்தால், காற்றில் பிராணவாயுக் குறைவு நடு இரவில் தலைவலியாகவும் வாந்தியாகவும் வந்து நிற்கும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து. பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது.

குதிரையின் பின்னால் போகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. பொதிக் குதிரையின் வேகம் மனிதனின் வேகம்தான். முதல் நாள் சித்ரே ஏற்றத்தில் மூச்சு வாங்கி, மேக்மாவின் பனிமூட்டத்தைக் கடந்து, டும்லிங் அல்லது டோங்லுவில் தங்கல். சுமார் 3,000 மீட்டர். இரண்டாம் நாள் கைரிபாஸுக்கு இறங்கி மறுபடி ஏறி, காலிபோக்ரி என்ற கரிய குளத்தின் கரையில் தங்கல். சுமார் 3,100 மீட்டர். மூன்றாம் நாள்தான் சந்தக்பூ. மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் இதைவிட நல்ல கால அட்டவணை அமையாது. மலைக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் நேபாளிச் சொல் ‘பிஸ்தாரை’, அதாவது மெதுவாக. இந்த ஒரு சொல்லைத் தெரிந்து கொண்டாலே பாதி வழி கடந்த மாதிரி.

எழுபது கிலோ

இந்த மலைகளின் குதிரை பூட்டியா இனம். சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் பழகிய மட்டக்குதிரை. கட்டையான கால்கள், அடர்ந்த பிடரி. நிறம் பெரும்பாலும் சாம்பல் அல்லது செம்பழுப்பு. பார்த்தால் ரேஸ்கோர்ஸ் குதிரைக்குத் தம்பி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பனியிலும் சரளையிலும் கால் வைக்கும் நிதானம் அந்த அண்ணனுக்கு வராது.

அதன் முதுகில் எவ்வளவு ஏற்றலாம்? இதற்குச் சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1965ஆம் ஆண்டு விதிகளின்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் அதிகபட்சப் பொதி. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடத்தக் கூடாது. இந்த விதிகளுக்குத் தாய்ச் சட்டம் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதற்கு வித்திட்டவர் நம் சென்னையைச் சேர்ந்தவர், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபை நியமன உறுப்பினராக இருந்த அவர் 1953ல் தனி நபர் மசோதா கொண்டு வந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி கூறிய பின் அதைத் திரும்பப் பெற்றார். 1962ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பரதநாட்டியத்துக்காக அவரைப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

எழுபது கிலோவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் கொண்ட கோஷ்டி. ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ மூட்டை என்றால் 48. அரிசி, பருப்பு, ஸ்டவ், பாத்திரம் 15. ஆக 63 ஆகி விட்டது. குதிரையின் தீனி எங்கே? உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு உலர்ந்த தீனி ஒரு நாளைக்கு வேண்டும். 250 கிலோ குதிரைக்கு ஐந்து கிலோ. வழியில் மேய்ந்து கொள்ளும் என்று நினைக்கக் கூடாது. சிங்கலிலா 1986ல் சரணாலயமாகி, 1992ல் தேசியப் பூங்கா ஆயிற்று. தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே தங்கும் ஊரில் புல்லும் தானியமும் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும், இல்லாவிட்டால் சுமந்து போக வேண்டும். நான்கு பேருக்கு ஒரு குதிரை போதும் என்று பேரம் பேசுகிறவர்கள் இந்த ஐந்து கிலோவை மறந்து விடுகிறார்கள். ‘இன்னும் ஒரு பை, சின்னப் பைதான்’ என்று மேலே போடும்போது குதிரை வாய் திறந்து மறுக்கப் போவதில்லை. கூலி போய் விடுமே என்று குதிரைக்காரரும் பேசாமல் இருந்து விடுவார்.

பேசாத பிராணியின் மேல் இப்படிப் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை 2022ல் கேதார்நாத்தில் நாடே பார்த்தது. அந்த யாத்திரைக் காலத்தில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நூற்றுக்கு மேல் மாண்டன. ஓய்வில்லாத நடையும், குறைந்த தீனியும், தண்ணீரின்மையும் காரணம் என்று அப்போது பேசப்பட்டது. நம்மவர்களும் ஆயிரக்கணக்கில் போகிற யாத்திரை அது.

ஏறிச் சவாரி செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேணத்தையும் சேர்த்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரை சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 250, 300 கிலோ மட்டக்குதிரைக்கு அது 50, 60 கிலோதான். குழந்தையை ஏற்றலாம். நாற்காலியில் இருபது வருஷம் உட்கார்ந்து தொந்தி வளர்த்தவர்கள் நடப்பதே உத்தமம். டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

இரவுத் தங்கல்

குதிரையோடு காட்டில் தங்குவதன் சாரம் மாலை நான்கு மணிக்குத்தான் ஆரம்பமாகிறது. மனிதன் தங்குமிடத்தை அடைந்ததும் டீ தேடுகிறான். குதிரைக்காரர் முதலில் குதிரையைப் பார்க்கிறார். வேர்த்த முதுகிலிருந்து சேணத்தை உடனே உருவி எடுத்தால் குளிர்காற்று தாக்கும். ஆகவே வாரைத் தளர்த்திச் சற்று நேரம் விட்டு, பிறகு இறக்கி, முதுகைத் தேய்த்து, கம்பளியோ சாக்கோ போர்த்த வேண்டும். குளம்பைத் தூக்கி லாடத்துக்குள் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் நாளுக்குப் பதினைந்து, இருபது லிட்டராவது வேண்டும். சந்தக்பூ மலை முகட்டில் இருப்பதால் ஊற்றுகள் கீழே தங்கி விடுகின்றன. மேலே தண்ணீர் அருமை. ஒரு வாளி வெந்நீருக்காக விடுதிக்காரரிடம் சண்டை பிடிக்கிற பயணி, அதே தொட்டியை நம்பி இன்னொரு ஜீவன் நிற்பதை நினைத்துக் கொள்ளலாம்.

கட்டுவதிலும் முறை உண்டு. அமெரிக்கக் காட்டு முகாம்களில் குதிரையை நேரே மரத்தில் கட்டுவதை விரும்புவதில்லை. இரவெல்லாம் காலால் தோண்டி வேரைக் கெடுக்கும், பட்டையைக் கடிக்கும். அதனால் இரண்டு மரங்களுக்கு அகலமான பட்டை சுற்றி, தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கயிறு இழுத்துக் கட்டி, அதில் குதிரையைப் பிணைக்கிறார்கள். களை விதை கலவாத புல் என்று சான்று பெற்ற தீனியை மட்டுமே காட்டுக்குள் விடும் இடங்களும் அங்கே பல. வெளியூர் விதை சாணத்தின் வழியே காட்டில் முளைத்து விடக் கூடாது என்பது காரணம். நம் மலைகளில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டிய ஏற்பாடு.

சிங்கலிலாவில் கட்டுக்கயிறு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். சந்தக்பூவுக்குச் சற்று முன்னால் பிகேபஞ்சங் என்று ஓர் இடம். விஷப் பள்ளத்தாக்கு என்று பொருள். நம் சித்த வைத்தியர்கள் நாபி, வச்சநாபி என்று அழைக்கிறார்களே, அந்த இனத்துச் செடி இங்கே மண்டிக் கிடக்கிறது. கிழங்கும் இலையும் கொடிய விஷம். வசந்தத்தில் மலையையே சிவப்பாக்கும் லாலி குராஸ் பூமரத்தின் இலையும் குதிரைக்கு ஆகாது. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதன் சொந்தக்காரன்தான் இது. குதிரைக்கு வாந்தி எடுக்கும் சக்தி கிடையாது. தின்றது வயிற்றிலேயே நின்று கொல்லும். ஆகவே பசியோடு அவிழ்த்து விட்ட குதிரை இந்த மலையில் விடியும் வரை உயிரோடு இருக்குமா என்பது சந்தேகம். கயிறு எட்டும் தூரத்தில் என்ன செடி இருக்கிறது என்று பார்த்துக் கட்டுவது குதிரைக்காரர் தலைமுறையாகக் கற்ற பாடம்.

நினைத்த இடத்தில் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் பூங்காவில் கூடாது. தங்குவதற்குக் குடிசை விடுதிகள் உண்டு. பூக்காலமாகிய மார்ச், ஏப்ரல் மாதங்களில் சருகும் காய்ந்திருக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகளின் உயிரைக் குடித்ததை நம்மால் மறக்க முடியுமா? ஒரு பீடித் துண்டு போதும்.

சிமெண்ட் பாதை

இனி எத்தனை நாள் குதிரை கிடைக்கும் என்பது வேறு கேள்வி. 2012ல் இந்தியாவில் ஆறேகால் லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்து நாற்பதாயிரமாகக் குறைந்து விட்டன. ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி. கோவேறு கழுதைகள் அதைவிட வேகமாகக் குறைந்தன. ரோடு வந்த இடத்தில் ஜீப் வரும். ஜீப் வந்த இடத்தில் குதிரைக்குத் தீனி போடும் செலவு கட்டாது. சிமெண்ட் தரை லாடத்துக்கு வழுக்கும், குளம்புக்கும் கடினம். அதற்காக ரோடே வேண்டாம் என்று கல்கத்தாவில் இருந்து கொண்டு சொல்ல நமக்கு உரிமை இல்லை. மலைக் கிராமத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு ஜீப்தான் தெய்வம். ஆனால் பார்க்கப் போகிறவன் நடந்தே போகலாம். அவன் கொடுக்கும் கூலி ஒரு குதிரையின் வயிற்றுக்கும் ஒரு குடும்பத்தின் அடுப்புக்கும் போய்ச் சேரும்.

சந்தக்பூவுக்கு அப்பால் 21 கிலோமீட்டரில் பாலுத், 3,600 மீட்டர். வங்காளம், சிக்கிம், நேபாளம் மூன்றும் கூடும் இடம். அங்கிருந்து கோர்க்கே, ராமம் வழியாக ரிம்பிக்குக்கு இறங்கலாம். அப்படி இறங்குவதாக இருந்தால், குதிரைக்காரர் வெறுங்கையோடு மானேபஞ்சங் திரும்பும் நாட்களின் கூலியையும் முதலிலேயே பேசி முடித்து விட வேண்டும். கடைசி நாளில் தகராறு வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காக பூங்கா மூடியிருக்கும். வானம் தெளிந்து, காஞ்சன்ஜங்காவோடு எவரெஸ்ட்டும் தெரிய வேண்டுமானால் அக்டோபர், நவம்பர். பூவுக்கு ஏப்ரல். டிசம்பர் இரவில் வாளித் தண்ணீர் உறைந்து விடும். ரயிலில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு மட்டுமே என்று குறைந்திருக்கிறது. பூஜை லீவுக்கு டார்ஜிலிங் மெயிலிலும் பதாதிக்கிலும் படுக்கை வேண்டுவோர், அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்குக் கவுண்ட்டரில் நிற்க வேண்டும்.